என் நாவலில் இறந்த குழந்தை பேசியது

குழந்தைகள் மருத்துவப் பிரிவில் தாதியாக வேலை பார்த்து ஓய்வு பெற்ற பிறகுதான் நாவல் எழுதத் துணிந்தேன். ஜப்பான்காரர் ஆட்சியின்போது ஜார்ஜ்டவுனில் நடக்கும் கதை அது.

அதில் ஒரு குடும்பம், தடை செய்யப்பட்ட வானொலியைக் குழந்தையின் மரத்தொட்டிலில், மெத்தைக்கு அடியில் ஒளித்து வைக்கும். சிப்பாய்கள் சோதனைக்கு வரும்போது தாய் குழந்தையைக் கிள்ளி வீறிட வைப்பாள். அழுகை தாங்காமல் அவர்கள் போய்விடுவார்கள். பின்னர் அந்தக் குழந்தை காய்ச்சலில் இறந்துவிடும். எல்லாம் என் கற்பனை என்றே நினைத்திருந்தேன்.

புத்தகம் வெளியான சில வாரங்களில், ஜார்ஜ்டவுனை ஒட்டிய கெலுகோரிலிருந்து ஒரு மூதாட்டி தொலைபேசியில் அழைத்தார்.

"எங்க வீட்டுக் கதைய உனக்கு யாரு சொன்னா?"

"யாரும் சொல்லலக்கா. நானாதான் எழுதினேன்."

"அந்த மெத்தையில படுத்திருந்தது நான்தான். என்னை ஏன் சாகடிச்ச, தங்கச்சி? நல்லாதான்லா இருக்கேன்!" என்று சிரித்துவிட்டார்.

மறுநாளே போய்ப் பார்த்தேன். எண்பதைத் தாண்டிய அவர் தன் இடது கையை நீட்டிக் காட்டினார். தழும்பு ஏதும் இல்லை.

"அம்மா கடைசி வரைக்கும் தான் கிள்ளின இந்த இடத்தத் தடவிக்கிட்டேதான் இருந்தாங்க" என்றார்.

யாரும் சொல்லாத அந்தக் கிள்ளல் என் மனதுக்குள் எப்படி வந்தது என்று இன்றுவரை விளங்கவில்லை.

இப்போது இரண்டாவது நாவலை எழுதுகிறேன். ஒவ்வோர் அத்தியாயத்தையும் முதலில் அவருக்கும் அக்கம்பக்கத்துப் பெரியவர்களுக்கும் வாசித்துக் காட்டுகிறேன். கதையில் யாரையும் சாகடிக்கும் முன், ஊரில் ஒரு வார்த்தை விசாரித்துவிடுகிறேன்.