ஒன்றாகத் தாழ்ந்த பத்துத் தூண்கள்

அந்த வரைதாளில் பத்துக் கோடுகள் இருந்தன, தூணுக்கு ஒன்றாக. பத்தும் கீழ்நோக்கி இறங்கியிருந்தன.

எழுபதுகளில், வல்வெட்டித்துறைக்கு அப்பால் கடல்நீரேரியை மறித்துக் கட்டிய அணையில் எனக்கு வேலை. தூண்களுக்கிடையே மதகுக் கதவுகளோடு, கடல்நீரை உள்ளே விடாது, மாரிமழை நீரை வெளியே விடாது நிற்கும் அணை அது. மாதமொருமுறை கரையிலிருந்த அடையாளக் கல்லை வைத்து மட்டம் பார்த்து, தூண்கள் தாழ்கின்றனவா என்று எழுதிக் கொடுப்பேன். அந்த எண்களைக் கோடுகளாக்குபவர் திணைக்களக் கந்தோரில் இருந்த படவரைஞர் அக்கா. ஆறு வருடமாக வரைந்தவர், அணையை ஒருநாளும் பார்த்ததில்லை. வெளிவேலைக்குப் பெண்களை அனுப்பும் வழக்கம் அப்போது இல்லை.

எஞ்சினியர் ஐயா தாளைப் பார்த்தார். "நாளைக்குக் காலமை கதவுகளைத் திறவுங்கோ. அணை போனால் ஆர் பதில் சொல்லுறது?"

திறந்தால் அந்த மாரியின் நீர் முழுவதும் கடலுக்குப் போய்விடும். சுற்றுவட்டத் தோட்டக் கிணறுகள் மறுபடி உவர்க்கும். வெங்காயம் நட்டு ஒரு மாதம்கூட ஆகவில்லை.

அக்கா என்னைத் தன் மேசைக்குக் கூப்பிட்டார். "தம்பி, பத்துத் தூணும் சொல்லிவைச்ச மாதிரி ஒரே அளவு தாழுமே? உம்மடை கல்லைப் பாத்தனீரோ?"

நான் பார்க்கவில்லை. கல் அசையும் என்று நினைத்ததே இல்லை.

"ஐயா, நானும் போய்ப் பாத்திட்டு வாறன்" என்றார் அக்கா, அனுமதி கேட்கும் குரலில் அல்ல. ஐயா என்ன நினைத்தாரோ, தன் ஜீப்பையே கொடுத்தார்.

ஒரு மைல் கட்டை தள்ளி, பழைய பாலத்தில் இன்னொரு மட்ட அடையாளம் இருந்தது. அங்கிருந்து மட்டம் பார்த்துக்கொண்டே வந்தோம். சேலைத் தலைப்பை இடுப்பில் செருகி, அளவுகோலை வெயிலில் ஆடாமல் பிடித்தார் அக்கா. மூன்று முறை பார்த்தோம். தூண்கள் இருந்த இடத்திலேயே இருந்தன. உயர்ந்தது எங்கள் கல்தான். பக்கத்து ஆலமரத்தின் வேர் அடியில் புகுந்து அதை ஒரு விரற்கடை தூக்கியிருந்தது. கல் உயர்ந்த அளவுக்குத் தூண்கள் தாழ்ந்ததாக நான் எழுதியிருந்தேன்.

ஐயா கணக்கைப் பார்த்துவிட்டு வாய்விட்டுச் சிரித்தார். கதவுகள் திறக்கப்படவில்லை. அந்தப் போகத்தில் கிணற்று நீர் இனித்தது.

இன்று அணைகளின் அசைவைக் கருவிகளே அளந்து அனுப்புகின்றன. அதைக் கேள்விப்படும்போதெல்லாம் எனக்கு நினைவில் வருவது அன்றைய மத்தியானம்தான். வேலை முடிந்ததும் அக்கா செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு அணைமேல் நடந்தார். ஒவ்வொரு தூணையும் தொட்டார். கடைசித் தூணில் திரும்பி நின்று, காற்றுக்கு மேலாகக் கத்தினார்:

"தம்பி, இவ்வளவு பெரிசெண்டு நீர் ஒருநாளும் எழுதித் தரேல்லையே!"