பாக் திர்த்தோவின் பென்சில்

கண்ணை மூடிக்கொண்டு, மடிக்கணினியின் மேல் குனிந்து, உள்ளே சுற்றும் விசிறியின் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருப்பார் பாக் திர்த்தோ. கொண்டுவந்தவர் எதிரே நின்று தன் முறையீட்டையெல்லாம் சொல்லி முடித்துவிட்டு, மனிதர் தூங்கிவிட்டாரோ என்று என்னைப் பார்ப்பார். கொஞ்சம் பொறுங்கள் என்று நான் கையால் காட்டுவேன். கண்ணைத் திறந்ததும் வரும் கேள்விகள் இரண்டுதான். "கடைசியா எப்போ நல்லா இருந்துச்சு?" என்பது ஒன்று. "அதுக்கப்புறம் என்ன மாத்தினீங்க?" என்பது அடுத்தது. எதையுமே மாற்றவில்லை என்று எல்லோரும் ஒரே குரலில் சொல்வார்கள். அவர் தலையாட்டிக்கொண்டே பென்சிலை எடுப்பார்.

யோக்யகார்த்தாவில் பல்கலைக்கழகத்துக்குப் பின்னால் ஓடும் சந்தில், அவர் வீட்டு முன்னறைதான் கடை. பக்கத்துக் கடையில் மாணவர்களின் ஆய்வேடுகளுக்கு நான் அட்டை கட்டுகிறேன். எனக்கு அவர் பாக், அதாவது ஐயா; அவருக்கு நான் மாஸ், தம்பி. மேசைக்கு மேலே பார்த்தால் மணிக்கட்டு வரை பொத்தான் போட்ட முழுக்கை பத்திக் சட்டை, அலுவலகத்துக்குக் கிளம்பியவர் போல இருப்பார். மேசைக்குக் கீழே பழைய சாரம். விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் போட்ட கணினிகளை மட்டுமே தொடுவார். ஊரில் மற்ற கடைக்காரர்கள் கையை விரித்ததெல்லாம் கடைசியில் இங்கே வந்து சேரும். ஒன்றில் ஒலி வராது, ஒன்றில் வைஃபை பிடிக்காது, ஒன்றுக்குத் தன் தொடுபலகை இருப்பதே தெரியாது. எல்லாவற்றுக்கும், பாகங்களை லினக்ஸோடு பேசவைக்கும் நிரலின் பெயரால், டிரைவர் தகராறு என்று பெயர். மனிதருக்கு அதில் அப்படியொரு ஆனந்தம்.

அவருடைய நோட்டில் பக்கத்துக்கு மூன்று கட்டங்கள்: கோளாறு, மாற்றியது, நடந்தது. ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் மாற்றுவார். மாற்றியதை எழுதுவார். பிறகு காத்திருப்பார். "ரெண்ட ஒண்ணா மாத்தினா, எது சரி பண்ணுச்சுன்னு எப்படித் தெரியும் மாஸ்?" என்பார். சரியானால் போதாதா என்று நான் கேட்டால், என்னவோ திருட்டுக்கு ஆள் சேர்ப்பவனைப் பார்ப்பதுபோல் பார்ப்பார். என் அச்சு இயந்திரத்தை என் கணினியோடு பேசவைக்க ஒன்பது நாள் எடுத்துக்கொண்டவர் அவர். ஏழாம் நாள் நான் கத்தியே விட்டேன். ஒன்பதாம் நாள் தாள் வந்தது. ஏன் இதுவரை வரவில்லை என்று அரைமணி நேரம் விளக்கினார். எனக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. அந்த நோட்டில் எழுதும் பென்சிலை வேறு யாரும் தொடக்கூடாது. தொலைபேசி எண் குறிக்கக்கூடத் தரமாட்டார்.

அவர் மனைவியை எல்லோரும் பூ, அதாவது அம்மா, என்பார்கள்; பூ பர்த்தினாவின் நம்பிக்கைகளுக்கு நோட்டு கிடையாது. இரண்டு வருடத்துக்கு முன் ஒரு நாள் காலையில் பாக் திர்த்தோவின் வாய் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டது. இருபது நாள் மருத்துவமனை. அப்போது சீட்டுக் கூட்டத்துப் பெண்கள் யாரோ சொன்னதைக் கேட்டு, காந்தம் பதித்த கறுப்பு எஃகு வளையல் ஒன்றை வாங்கி அவர் கையில் மாட்டினார் பூ பர்த்தினா. வாய் நேரானது. மாத்திரைகளுக்கு அதில் எந்தப் பெருமையும் கிடைக்கவில்லை. அன்றிலிருந்து அந்த வளையலைத் தானே விற்கவும் ஆரம்பித்துவிட்டார். கடையில் காத்திருக்க உட்கார்ந்தவர் யாரும் தப்ப முடியாது. "ரத்தம் நல்லா ஓடும், குளிக்கும்போதுகூடக் கழட்டாதீங்க" என்று இடது கையைப் பிடித்து மாட்டிவிடுவார். தோள்வலிக்கு என் கையிலும் ஒன்று கிடக்கிறது.

வளையல் வந்த முதல் வாரமே பாக் திர்த்தோவுக்குத் தொல்லை தொடங்கியது. மடிக்கணினியின் குட்டித் திருகாணிகளெல்லாம் மேசையிலிருந்து எழும்பி அவர் மணிக்கட்டில் ஒட்டிக்கொண்டன. ஆகவே அதைக் கழற்றி மேசைக்கடியில் ஓர் ஆணியில் மாட்டிவிட்டார். தரையில் விழுந்த திருகாணியைத் தேட அதையே துழாவுகோலாக்கிக்கொண்டார். உள்ளேயிருந்து சாப்பாட்டுக்குக் கூப்பிடும் குரல் கேட்டதும் அவசரமாக மாட்டி, கைப்பொத்தானைப் போட்டுக்கொண்டு போவார். இந்த ஏமாற்று வேலைக்கு நான் ஒருவனே சாட்சி. என் வாயைப் பொரித்த சோயாத் தெம்பேயால் அடைத்து வைத்திருந்தார்.

இதையெல்லாம் ஏன் சொல்கிறேன் என்றால், போன மழைக்காலத்தில் நிங்ரும் வந்தாள். வொனொசாரியில் மழலையர் பள்ளி ஆசிரியை. மோட்டார் சைக்கிளில் ஒன்றரை மணி நேரம் நனைந்துகொண்டு வந்து, நெகிழிப்பையில் சுற்றிய மடிக்கணினியை மேசையில் வைத்தாள். மேற்படிப்பு உதவித்தொகைக்கு வீட்டிலிருந்தே, கேமரா பார்த்துக்கொண்டிருக்க, நாற்பது நிமிடம் கட்டுரை எழுத வேண்டும். ஏற்கெனவே பதிவு செய்த கணினியில்தான் எழுத முடியும். போன மாதம் எழுதும்போது ஒன்பதாம் நிமிடத்தில் திரை அணைந்து இயந்திரம் தூங்கிவிட்டது. பாதியில் எழுந்து போனதாகப் பரீட்சை நடத்துபவர்கள் குறித்துக்கொண்டார்கள். கெஞ்சிக் கடிதம் எழுதியதில் இன்னொரு வாய்ப்பு தந்திருக்கிறார்கள், இனிமேல் இல்லை என்ற குறிப்போடு. வியாழக்கிழமை காலை பத்து மணி. அவள் வந்தது திங்கட்கிழமை.

"நீங்க வைஃபை சரி பண்ணிக் குடுத்த அன்னிலருந்துதான் பாக் இப்படி" என்றாள். குற்றம் சாட்டும் குரல் இல்லை. இருந்தாலும் அவர் முகம் சுருங்கிவிட்டது. இடையில் ஒருமுறை அவள் கொண்டுவந்தபோது மூன்று நாள் வைத்துப் பார்த்து, ஒரு தடவைகூட அணையவில்லை, நன்றாக இருக்கிறது என்று திருப்பி அனுப்பியவரும் அவர்தான். நோட்டைப் புரட்டினார். இரண்டு மாதத்துக்கு முந்தைய பக்கம். மாற்றியது: வைஃபை டிரைவர். வேறு ஒன்றும் இல்லை. "அப்போ தப்பு என் கைலதான் இருக்கு" என்றார்.

பழைய டிரைவரையே திரும்பப் போட்டார். அவரே ஒரு மணி நேரம் தட்டிப் பார்த்தார். அணையவில்லை. அவள் உட்கார்ந்து தட்டினாள். நாலாம் நிமிடம் அணைந்தது. இயந்திரம் தனக்குள்ளே எழுதிக்கொள்ளும் நாட்குறிப்பைத் திறந்து என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். அணைந்த நொடிக்கு நேரே, மூடி மூடப்பட்டது என்று இருந்தது. மூடியோ எங்கள் மூன்று பேர் கண்ணெதிரே முழுசாகத் திறந்து நிற்கிறது. "மூடியிருக்குன்னு சொல்லுது மாஸ்" என்றார். பொய் சொல்கிறது என்றேன். "மெஷின் பொய் சொல்லாது. அதுக்கு என்னவோ தெரிஞ்சிருக்கு, நமக்குத் தெரியல."

அன்றும் மறுநாளும் கீல்களைக் கழற்றினார், மாட்டினார். உள்ளே போகும் கம்பி மடிந்திருக்கிறதா என்று பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார். மூடியைப் பற்றிக் கவலைப்படாதே என்று லினக்ஸுக்கு ஒரு வரி எழுதினார். செவ்வாய் மதியம் நிங்ரும் மறுபடி வந்து தட்டிப் பார்த்தபோது, தூங்குவது நின்றிருந்தது. ஆனால் திரை மட்டும் முன்போலவே அணைந்தது. திரை விளக்கு லினக்ஸின் பேச்சைக் கேட்காதாம், அடியில் இருக்கும் பலகையே அதை அணைக்குமாம். மூன்றாம் கட்டத்தில் ஒவ்வொரு வரியிலும் ஒரே சொல்: அணைந்தது. அடைப்புக்குள், எனக்கு அணையவில்லை. அந்த அடைப்புக்குறியையே வெறித்துப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். மத்தியானச் சோறு இரண்டு நாளும் ஆறிப்போனது.

புதன்கிழமை அவள் விடுப்பு சொல்லிவிட்டு விடியும் முன்பே கிளம்பி வந்திருந்தாள். மறுநாள் பரீட்சையையும் இங்கேயே உள்ளறையில் எழுதுவது என்று முடிவு. ஏதாவது ஆனால் பாக் பக்கத்தில் இருப்பார் என்றாள். அந்த நம்பிக்கையைப் பார்த்ததும் எனக்குப் பொறுக்கவில்லை. ஊரெல்லாம் வைத்திருக்கிற சாதாரண விண்டோஸைப் போட்டுத் தொலைத்தால் என்ன என்று அவரிடம் கேட்டேவிட்டேன். வேறு எதைப் போட்டாலும் அது மூடியிருப்பதாகத்தான் நினைக்கும் என்று மெதுவாகச் சொன்னார். உங்களுக்கு அணையாதது அவளுக்கு மட்டும் ஏன் அணைகிறது, அவள் விரலில் என்ன விஷமா என்று கேட்டுக்கொண்டே நாற்காலியை இழுத்துப் போட்டு நானே தட்ட ஆரம்பித்தேன். என்ன எழுதினேன் என்று நினைவில்லை, கோபமாக ஏதோ. மூன்றாவது வரியில் திரை இருண்டது.

நான் திருதிருவென்று விழித்தேன். பாக் திர்த்தோ என்னையும் நிங்ருமையும் மாறி மாறிப் பார்த்தார். அவர் மனிதர்களை அப்படிப் பார்த்து நான் கண்டதில்லை. பிறகு, ரொம்ப மரியாதையாக, கைக்கடிகாரத்தைக் கழற்றச் சொன்னார். தட்டினேன். அணைந்தது. எழுதிக்கொண்டார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றச் சொன்னார். அணைந்தது. செருப்பு, சட்டைப்பையில் இருந்த கைபேசி, இடுப்பு வார். ஒவ்வொன்றாகத்தான். இடுப்பு வாரோடு நிறுத்துவாரா என்று எனக்கே கலக்கமாகிவிட்டது. நிங்ரும் முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தாள், மூன்று நாளில் முதல் தடவையாக.

"வளையல்" என்றார்.

கழற்றினேன். தட்டினேன். ஒரு பக்கம், இரண்டு பக்கம். வெளிச்சம் அப்படியே இருந்தது. அவர் என் வளையலை எடுத்து, மடிக்கணினியின் முன்விளிம்போடு ஒட்டி, இடமிருந்து மெல்ல நகர்த்தினார். இடது உள்ளங்கை படும் இடத்துக்கு வந்ததும் திரை அணைந்தது. எடுத்தார், எரிந்தது. வைத்தார், அணைந்தது. மூடியில் ஒரு சின்னக் காந்தம் இருக்குமாம். மூடும்போது அது வந்து அந்த இடத்தில் உட்கார, மூடிவிட்டார்கள் என்று இயந்திரம் தெரிந்துகொள்ளுமாம். நிங்ரும் தன் இடது கையைத் தூக்கிப் பார்த்தாள். வைஃபை சரியாகும் வரை காத்திருந்த அன்று, இதே நாற்காலியில், பூ பர்த்தினா மாட்டிவிட்டது.

"அன்னிக்கு ரெண்டு மாறியிருக்கு" என்றார் பாக் திர்த்தோ. "நான் ஒண்ணத்தான் எழுதினேன்."

தேநீர்த் தட்டோடு பூ பர்த்தினா உள்வாசலில் நின்றுகொண்டிருந்ததை அப்போதுதான் பார்த்தோம். எவ்வளவு நேரமாக நின்றாரோ. கோபித்துக்கொள்வார், வளையலுக்கு வக்காலத்து வாங்குவார் என்று எதிர்பார்த்தேன். அவர் தட்டை மேசைமேல் வைத்தார். அந்த நோட்டைத் தன் பக்கம் திருப்பி, விரல் வைத்துக் கொஞ்ச நேரம் படித்தார்.

"வளையல் போட்டவங்க தட்டினா அணையுது" என்றார். "நீங்க மூணு நாளு தட்டியிருக்கீங்க."

நான் என் இடுப்பு வாரைத் தேடுகிற சாக்கில் குனிந்துகொண்டேன். குனிந்த இடத்தில், மேசைக்கடியில், ஆணியில் அது தொங்கியது. இரண்டு திருகாணிகள் வேறு ஒட்டியிருந்தன. பாக் திர்த்தோ இடது கைப்பொத்தானை அவிழ்த்து, சட்டைக்கையை முழங்கை வரை சுருட்டி, வெறும் மணிக்கட்டை மேசைமேல் வைத்தார். "எவ்வளவு நாளா?" என்று கேட்டார் பூ பர்த்தினா. "முதல் வாரத்துலருந்து" என்றார். பூ பர்த்தினாவின் கண் நிறைந்ததை நான் பார்த்தேன். இரண்டு வருடமாக ஒவ்வொரு சாப்பாட்டுக்கும் அந்த மணிக்கட்டைப் பார்த்துப் பார்த்து நிம்மதியாக இருந்தவர். திரும்பி உள்ளே போனார். தேநீர் நான்கு கோப்பையும் அப்படியே இருந்தது.

வியாழக்கிழமை பத்து மணிக்கு உள்ளறைக் கதவு சாத்திக்கொண்டது. நிங்ருமின் வளையல் வெளியே பூ பர்த்தினாவின் மடியில். என் கடையைப் பூட்டிவிட்டு நானும் வந்து உட்கார்ந்திருந்தேன். பாக் திர்த்தோ ஒரு திருகாணியை எடுப்பதும் வைப்பதுமாக இருந்தார். ஒன்பதாம் நிமிடம் வந்தபோது மூவரும் கடிகாரத்தைப் பார்த்தோம். உள்ளே விசைகள் தட்டும் சத்தம் நிற்கவில்லை. இருபதாம் நிமிடத்தில் ஒருமுறை நின்றது. பாக் திர்த்தோ எழுந்துவிட்டார். மறுபடி கேட்டது. உட்கார்ந்தார். பத்து நாற்பதுக்கு அவள் வெளியே வந்தாள், முகமெல்லாம் வேர்வை. "கடைசி வரைக்கும் எரிஞ்சுது பாக்" என்றாள். உதவித்தொகை கிடைக்குமா என்பதற்கு ஒரு மாதம் காத்திருக்க வேண்டும். அது கட்டுரையின் பாடு. இருந்தாலும் அவள் அழுதாள், நாங்கள் விட்டுவிட்டோம்.

பிறகு அவள் பூ பர்த்தினாவின் மடியிலிருந்த வளையலைப் பார்த்துக்கொண்டு, எடுப்பதா விடுவதா என்று தெரியாமல் நின்றாள். போடாவிட்டால் பரவாயில்லை என்று பூ பர்த்தினா எங்கோ பார்த்துக்கொண்டு சொன்னார்.

பாக் திர்த்தோ மேசைக்கடியில் குனிந்தார். எழுந்திருக்க வெகு நேரமானது. ஏதோ கம்பியை முறுக்கும் சத்தம். எட்டிப் பார்த்தேன். தன் வளையலின் இரண்டு முனைக்கும் நடுவே செம்புக் கம்பி வைத்து நீட்டி, சாரத்தைக் கொஞ்சம் தூக்கி, இடது கணுக்காலில் கட்டிக்கொண்டிருந்தார். பூ பர்த்தினாவும் எட்டிப் பார்த்தார்.

"கால்ல போட்டா வேலை செய்யுமா?"

"தெரியல" என்றார் அவர். நோட்டில் புதுப் பக்கம் திருப்பினார். கோளாறு என்ற கட்டத்தில் தன் பெயரை எழுதினார். மாற்றியது: கையிலிருந்து காலுக்கு. தேதி போட்டார். மூன்றாவது கட்டத்தை வெறுமனே விட்டு, நோட்டை மனைவியின் பக்கம் திருப்பி வைத்து, பென்சிலை அவரிடம் நீட்டினார்.