கோப்பை வென்ற கொத்தனார்கள்

போன வாரம் ஆபீஸ் வேலையாக புஜைரா போயிருந்தேன். அங்கே துறைமுகம் கட்டுகிறார்கள். எங்கே திரும்பினாலும் கல், மணல், சிமெண்ட், வெயில். இதில் வெயில் வேலை மட்டும்தான் முழுசாக முடிந்திருக்கிறது!

ஒரு லாரி ஜல்லி கொட்டிக்கொண்டிருந்தது. அதிலிருந்து தெறித்த கல் ஒன்று தரையோடு தரையாக என் காலைப் பார்த்து ஓடி வந்தது. நான் ஒதுங்குவதற்குள், பக்கத்தில் கலவை அள்ளிக்கொண்டிருந்த ஆள் குனிந்து, மண்வெட்டியைச் சாய்த்து வைத்து அதை நிறுத்தினான். கல் அங்கேயே அடங்கிவிட்டது. அவன் என்னை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. மறுபடி கலவை அள்ளப் போய்விட்டான்.

மண்வெட்டியால் கல்லை யார் வேண்டுமானாலும் தடுக்கலாம். ஆனால் இடது கை மேலே, வலது கை கீழே, முழங்கால் மடங்கி, இவ்வளவு அலட்சியமாக... எனக்குத் தெரிந்து ஒரே ஒருவன்தான் உண்டு.

"மாடசாமி!" என்று கத்தினேன்.

தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்துக்கொண்டே ஓடி வந்தான். "சார்! எப்ப வந்தீக? வீட்டுல அம்மா நல்லாருக்காகளா?"

உங்களுக்கு மாடசாமியைத் தெரியாது. தெரிந்திருக்க வேண்டும். மூன்று வருஷத்துக்கு முன்னால் மஸ்கட்டில், கம்பெனிகளுக்கான ஹாக்கிக் கோப்பையை வென்ற டீமின் கேப்டன் அவன். சென்டர் ஹாஃப். இன்றைக்கு புஜைராவில் சிமெண்ட் கலக்குகிறான். எப்படி என்று கேட்கிறீர்களா? அவனைப் பார்த்த அன்று இரவு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. உங்களுக்கும் இறங்காமல் போகட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

மஸ்கட்டின் ரூவிப் பகுதியில் ஒரு கட்டுமானக் கம்பெனியில் நான் அக்கவுண்டன்ட். அப்போதும் இதே நாற்காலி, இப்போதும் இதே நாற்காலி. எங்கள் ஜெனரல் மேனேஜர் ஒரு வெள்ளைக்காரர். பார்க்கர் என்று வைத்துக்கொள்ளுங்களேன். நல்ல மனுஷர். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பின்னால் அவர் மேல் உங்களுக்குக் கோபம் வரும்.

பார்க்கருக்கு ஹாக்கி என்றால் பைத்தியம். ரோடு போடும் கம்பெனி ஒன்று கராச்சிக்காரர்களை வைத்து அருமையான டீம் நடத்திக்கொண்டிருந்தது. எங்களிடமும் ஒரு டீம் இருந்தது. இரண்டு டிராஃப்ட்ஸ்மேன், ஒரு ஸ்டோர்கீப்பர், தொப்பையோடு சில ஃபோர்மேன்கள்... ஆள் குறைந்தால் நான்! அந்த வருஷம் கராச்சிக்காரர்களிடம் எத்தனை கோல் வாங்கினோம் என்று சொல்லி, உங்களிடம் இருக்கும் கொஞ்சநஞ்ச மரியாதையையும் இழக்க விரும்பவில்லை.

மறுநாள் பார்க்கர் என்னைக் கூப்பிட்டார். "உங்கள் ஊரில் ஹாக்கி ஆடுவார்களா?"

"கோவில்பட்டிப் பக்கம் ஹாக்கிதான் சார் மூச்சு" என்றேன்.

அவ்வளவுதான், ஆள் எடுக்க ஏஜென்ட்டோடு என்னையும் அனுப்பிவிட்டார். ஆனால் ஒரு சிக்கல். ஹாக்கி ஆடுகிறவனுக்கு விசா கிடையாது. கொத்தனாருக்கு உண்டு. ஆகவே கோவில்பட்டியில் ஒரு மில் மைதானத்தில் கொத்தனார் வேலைக்கு இன்டர்வியூ வைத்தோம். வந்தவர்களில் ஒருவன் கையிலும் கரண்டி இல்லை, ஆளுக்கொரு ஹாக்கி மட்டை! விஷயம் தெரியாமல் நிஜக் கொத்தனார்கள் இரண்டு பேர் ரசமட்டத்தோடு வந்தார்கள். கேட்டருகே நின்று கொஞ்ச நேரம் ஆட்டத்தைப் பார்த்தார்கள். தலையைச் சொறிந்துகொண்டே திரும்பிப் போனார்கள்.

தீப்பெட்டி ஆபீஸில் பெட்டி சுமந்தவன், மில்லில் நூல் சுற்றியவன், வேலையே இல்லாதவன்... எல்லோரும் ஒரே நாளில் கொத்தனார் ஆனார்கள். மாடசாமி மட்டும் அப்போதே கேட்டான்: "சார், அங்கன போனதும் செங்கல்லு வைக்கச் சொன்னா என்ன செய்ய?"

"சொல்ல மாட்டார்கள். பார்க்கர் சார் வாக்குக் கொடுத்திருக்கிறார்" என்றேன். அவர் ரூவியில் இருந்தவரைக்கும் அந்த வாக்கைக் காப்பாற்றவும் செய்தார்.

காலையில் சைட்டில் பேருக்குக் கொஞ்சம் எடுபிடி வேலை. சாயங்காலம் கிரவுண்ட். கிரவுண்ட் என்றால் புல்லெல்லாம் கிடையாது. மணலில் டேங்கர் தண்ணீர் தெளித்து, கம்பெனி ரோடு ரோலரை ஓட்டி இறுக்கிய தரை. "எங்க ஊரு கரிசக் காடு கோடையில இதவிடக் கட்டியா இருக்கும் சார்" என்று சிரித்தார்கள். கேம்பில் எல்லோருக்கும் சேர்த்து ஒரே நீளமான ரூம். ஒரே சமையல்.

இவ்வளவு செய்தும் முதல் சீசனில் தோற்றார்கள்! ஏன் தெரியுமா? ஒவ்வொருவனும் அவனவன் தெருவில் ஹீரோ. பந்து யாரிடம் போனாலும் மற்ற பத்துப் பேரும் "எனக்குக் குடு, எனக்குக் குடு" என்று கூச்சல். காய்கறி மார்க்கெட் தோற்றது.

ஒரு நாள் மாடசாமி பிராக்டிஸை நிறுத்தி எல்லோரையும் மணலில் உட்கார வைத்தான். "இனி ஒருத்தனும் வாயத் தொறந்து பந்தக் கேக்கப்படாது. ஆளில்லாத எடமாப் பாத்துப் போயி நில்லு. பந்து வரும்."

"வரலேன்னா?" என்று கேட்டான் கோல்கீப்பர் சுடலைமுத்து. கோல்கீப்பருக்கு இந்தக் கேள்வி தேவையே இல்லை... ஆனாலும் கேட்டான்.

"வரும்லே. கூட ஆடுதவன நம்பு."

அன்றிலிருந்து அதுதான் சட்டம். பந்தைக் கேட்டவனுக்குப் பந்து கிடையாது. அதோடு அன்று ராத்திரி ரூமில் அத்தனை தட்டையும் அவன்தான் கழுவ வேண்டும். கொஞ்ச நாள் தட்டுகள் பளபளவென்று இருந்தன. அப்புறம் டீம் அமைதியானது. அமைதியான பிறகு ஜெயிக்க ஆரம்பித்தது. கராச்சி டீமின் கேப்டன் ஒரு மேட்ச் நடுவில் என்னிடம் வந்து, "க்யா பாய், உங்கள் ஆட்கள் எல்லோரும் ஊமையா?" என்று நிஜமாகவே கேட்டார்.

வெள்ளிக்கிழமைகளில் சில பேர் எங்கள் வீட்டுக்கு வருவார்கள். "காபி குடிக்கிறீங்களா?" என்பாள் என் மனைவி. "வேணாம்மா, இப்பத்தான் குடிச்சிட்டு வாரோம்" என்பான் மாடசாமி. எங்கே குடித்தான்? கேம்பில் காபியே கிடையாது! இரண்டாவது தடவை கேட்டால், "ஒங்களுக்கு எதுக்கும்மா வீண் சிரமம்." மூன்றாவது தடவை கேட்டால், "சரி, நீங்க இம்புட்டுச் சொல்லுதீக..." அதன் பிறகு ஆளுக்கு இரண்டு டம்ளர் இறங்கும். கொஞ்ச நாளில் என் மனைவி சுதாரித்துக்கொண்டாள். வாசலிலேயே "காபி, காபி, காபி" என்று மூன்று தடவையும் சேர்த்துச் சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்விடுவாள்.

சிரிக்காதீர்கள். உங்கள் வீட்டிலும் என் வீட்டிலும் இதே கதைதானே? கேட்டவுடன் கையை நீட்டினால் நமக்குக் கௌரவக் குறைச்சல்.

இரண்டாவது சீசனில் டீம் ஃபைனலுக்கு வந்தது. அதே சமயம் ரூவியில் எங்கள் வேலைகள் முடிகிற நிலைக்கு வந்தன. ஆட்களைப் பிரித்து, விசாவில் இருக்கிற தொழில்படி பஹ்ரைனுக்கும் புஜைராவுக்கும் பாலைவன சைட்டுகளுக்கும் அனுப்பப் போகிறார்கள் என்று பேச்சு கிளம்பியது. ஹாக்கி ஆடுகிறவர்களையுமா? விசாவில் அவர்கள் எல்லோரும் கொத்தனார்கள்தானே!

கேம்பே கதிகலங்கிப் போயிற்று. அப்போதுதான் எல்லோருக்கும் பார்க்கரின் பழக்கம் ஒன்று நினைவுக்கு வந்தது. யாராவது நன்றாக வேலை செய்தால், கையைக் குலுக்கி "என்ன வேண்டும்?" என்று கேட்பார். கேட்டதைச் செய்தும் விடுவார். டிரைவர் ஒருத்தர் அப்படித்தான் ஃபேமிலி விசா வாங்கினார். கோப்பையை ஜெயித்தால் நிச்சயம் கேட்பார். கேட்டால், எங்களைப் பிரிக்காதீர்கள் என்று சொல்லிவிடலாம்.

மாடசாமி என்னிடம் வந்து அதை இங்கிலீஷில் எழுதி வாங்கிக்கொண்டான். "சார், ப்ளீஸ் கீப் தி டீம் டுகெதர்." பந்தைத் தட்டிக்கொண்டே சொல்லிச் சொல்லிப் பழகினான். "டுகெதர் சரியா வருதா சார்?" என்று பார்க்கும்போதெல்லாம் கேட்டான். ரொம்ப நன்றாகவே வந்தது.

ஃபைனலில் எதிரே கராச்சிக்காரர்கள். கடைசிவரை இரண்டு பக்கமும் ஒவ்வொரு கோல். முடியப் போகிற நேரத்தில் மாடசாமி பந்தோடு டி-க்குள் நுழைந்துவிட்டான். அடித்தால் கோல்... அடிக்கவில்லை! தன்னை மறிக்க இரண்டு பேர் ஓடி வருவதைப் பார்த்துவிட்டு, அந்தப் பக்கம் ஆளில்லாத இடத்தில் வாயைத் திறக்காமல் நின்றுகொண்டிருந்த ரைட் இன் பையனுக்குத் தள்ளிவிட்டான். கோல். நான் பக்கத்தில் நின்ற முன்பின் தெரியாத ஓமானிப் பெரியவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டேன். அவரும் கட்டிக்கொண்டார்.

பார்க்கருக்குக் கண் கலங்கிவிட்டது. வியர்வையும் மணலுமாக நின்ற மாடசாமியின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு கேட்டார்: "உங்களுக்கு என்ன வேண்டும்? சொல்லுங்கள். எதுவானாலும்."

பத்துப் பேரும் மாடசாமியின் வாயையே பார்க்கிறார்கள். நானும் பார்க்கிறேன்.

"நத்திங் சார்" என்றான் மாடசாமி. "ஆல் ஓகே சார். சாப்பாடு குட், ரூம் குட்."

"டேய், சொல்லுடா" என்று தமிழில் பல்லைக் கடித்தேன். கையை லேசாகக் காட்டி என்னை அடக்கினான். அதாவது... பொறுங்க சார், இன்னொரு தடவை கேப்பாக.

பார்க்கர் இன்னொரு தடவை கேட்கவில்லை. "குட் மேன்!" என்று முதுகில் தட்டிவிட்டு, எல்லோருக்கும் பிரியாணி சொல்லிவிட்டுப் போய்விட்டார். அவருடைய ஊரில் வேண்டாம் என்றால் வேண்டாம்தான். அதில் அவர் தப்பு என்ன?

மறுநாள் காலையில் நான் அவர் ரூமுக்குப் போய் விஷயத்தைச் சொன்னேன். அவருக்கு ஆச்சரியம். "நானே கேட்டேனே, ஒன்றும் வேண்டாம் என்றானே. அவன் கேப்டன். கேப்டன் மனதில் இருப்பதைத்தானே சொல்வான்?" என்றார். ஆனாலும் நியாயஸ்தர். மாடசாமியைக் கூப்பிட்டு அனுப்பினார். "உங்களுக்கு ஏதோ வேண்டும் என்று அக்கவுண்டன்ட் சொல்கிறாரே, உண்மையா?"

மாடசாமி என்னைப் பார்த்தான். அவன் முகம் சுருங்கிப் போனது. சோறு போட்ட மனுஷரிடம் தான் குறைப்பட்டதாக யாரோ சொல்லிவிட்டது போல் ஆகிவிட்டது அவனுக்கு. "நோ நோ சார். நத்திங் சார். எவரிதிங் ஹாப்பி சார்." வேகவேகமாகத் தலையை ஆட்டினான்.

பார்க்கர் என்னைப் பார்த்துக் கையை விரித்தார். நான் மறுபடி வாயைத் திறந்தேன். "அவன் இரண்டு தடவை சொல்லிவிட்டான்" என்றார். அதோடு பேச்சு முடிந்தது.

இரண்டு தடவைதான். மூன்றாவது தடவை கேட்டிருந்தால் சொல்லியிருப்பான். எனக்குத் தெரியும், என் மனைவிக்கும் தெரியும்.

அந்த மாதமே பார்க்கருக்கு லண்டனுக்கு மாற்றல். புதிதாக வந்தவருக்கு ஹாக்கியும் தெரியாது, கோவில்பட்டியும் தெரியாது. கொத்தனார்கள் தேவை என்று கேட்ட சைட்டுகளுக்கெல்லாம் கொத்தனார்களை அனுப்பினார். இரண்டு பேர் பஹ்ரைனில் ஈசா டவுனுக்கு வீடு கட்டப் போனார்கள். சுடலைமுத்து பாலைவனத்தில் ஒரு பம்ப் ஸ்டேஷனுக்குப் போனான். செங்கல் வைக்கத் தெரியாத மூன்று பேரை, கலாஸ், போதும் என்று ஊருக்கே ஏற்றிவிட்டார்கள். மற்றவர்கள் எங்கே என்று எனக்கே தெரியாது. ஒரு சாம்பியன் டீம், கோப்பையை வாங்கிய பிறகு ஒரு மேட்ச்கூட ஆடவில்லை. கோப்பை எங்கள் ஆபீஸ் வரவேற்பறையில் இருக்கிறது. யாரோ அதில் பிளாஸ்டிக் ரோஜா சொருகி வைத்திருக்கிறார்கள். தினமும் அதைக் கடந்துதான் என் நாற்காலிக்குப் போகிறேன்.

புஜைரா வெயிலில் மாடசாமி என் எதிரே நின்றான். இளைத்திருந்தான். கொத்தனாருக்குக் கையாளாக இருக்கிறானாம். மட்டை ஊரிலிருந்து கொண்டு வந்ததுதான், முதல் குளிருக்கே விறகாகப் போய்விட்டதாம். சிரித்துக்கொண்டேதான் சொன்னான்.

"உனக்கு என்னப்பா வேணும்? சொல்லு" என்றேன்.

"ஒண்ணும் வேணாம் சார். நல்லாருக்கேன்."

"மாடசாமி, என்ன வேணும்?"

"ஒங்களுக்கு எதுக்கு சார் வீண் சிரமம்..."

தூரத்தில் சூப்பர்வைசர் "யல்லா, யல்லா" என்று வேலைக்கு விரட்டிக் கத்த ஆரம்பித்தார். நான் அவன் கையைப் பிடித்துக்கொண்டு மூன்றாவது தடவையும் கேட்டேன்.

மண்வெட்டியைப் பார்த்துக்கொண்டே சொன்னான்: "நம்ம பயலுவ எல்லாத்தையும் ஒருக்க, ஒரே ஒருக்க, ஒரே கிரவுண்டுல நிப்பாட்டிப் பாக்கணும் சார்."

மூன்று தடவை கேட்டுவிட்டேன். அவனும் சொல்லிவிட்டான். ஒரு அக்கவுண்டன்டால் என்ன செய்ய முடியும்? பார்க்கலாம்ப்பா என்றேன். அது வெறும் பேச்சு என்று அவனுக்கும் தெரியும். துண்டைத் தலையில் கட்டிக்கொண்டு கலவைக்குத் திரும்பிப் போனான்.

கொடுக்கிற இடத்தில் இருப்பவன் "என்ன வேண்டும்?" என்று கேட்டால், தயவுசெய்து முதல் தடவையே சொல்லித் தொலையுங்கள்... நம் கௌரவத்தையெல்லாம் காபியோடு வைத்துக்கொள்ளலாம்!