அப்பாவோடு இருந்தவர்கள்

அவரை எல்லோரும் ‘ஹலோ அக்கா’ என்றுதான் கூப்பிடுவோம். எங்கள் காப்பீட்டு அலுவலகத்தின் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் இருபத்தெட்டு வருடம் வேலை பார்த்தவர். யாரைக் கேட்டாலும் “ஒரு நிமிஷம்” என்பார். அந்த ஆள் எந்த மாடியில் எவரோடு வம்பளந்துகொண்டிருந்தாலும் பிடித்துக் கொடுத்துவிடுவார். அப்படிப்பட்டவருக்குத் தன் அப்பாவின் ஆட்கள் யாரென்றே தெரியாது என்பது, பக்கத்து நாற்காலியில் பதினாறு வருடம் உட்கார்ந்திருந்த எனக்கே தெரியாது. அவருடைய தம்பியின் சிறுநீரகங்கள் கெட்டுப்போன பிறகுதான் தெரிந்தது.

தம்பி பள்ளிக்கூட டிராயிங் மாஸ்டர். நாற்பத்தாறு வயது, கல்யாணம் செய்துகொள்ளாதவர். வாரத்துக்கு மூன்று நாள் டயாலிசிஸ். அக்கா தன்னுடையதைக் கொடுக்கிறேன் என்று போய் நின்றார். சர்க்கரை இருக்கிறது, முடியாது என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். டாக்டர் கேட்டாராம்: “வேற ரத்த சொந்தம் யாரும் இல்லையாம்மா? அப்பா வழியில, அம்மா வழியில?”

அம்மா ஒற்றைப் பிள்ளை, போய்ச் சேர்ந்து பன்னிரண்டு வருடம் ஆகிறது. அப்பா, அக்காவுக்குப் பத்தொன்பது வயதிருக்கும்போதே இறந்துவிட்டார். ஓட்டல்களின் படுக்கை விரிப்புகளைத் துவைக்கும் பெரிய நீராவிச் சலவை ஆலையில் பாய்லர் பார்த்தவர். சொந்த ஊர் எது என்று பிள்ளைகள் கேட்டால், “நான் பாய்லர்ல வெந்து வந்தவன்டா” என்று சிரிப்பாராம். அதற்கு மேல் கேட்டால் சிரிப்பு நின்றுவிடுமாம்.

அக்கா முதலில் எல்லோரும் செய்வதைத்தான் செய்தார். அப்பாவின் வேலைச் சான்றிதழில் இருந்த ஊருக்கு எழுதிப் போட்டார். அந்தப் பெயரில் ஒருவர் இருந்தது உண்மை, ஆனால் அவர் வாலிப வயதிலேயே காய்ச்சலில் இறந்துவிட்டார் என்று பதில் வந்தது. ஏதோ தப்பு என்று மறுபடி எழுதினார். அதே பதில்.

பதிவு அலுவலகத்தில் ஒரு குமாஸ்தா, அக்கா நான்காம் முறை போய் நின்றபோது பேனாவை மூடி வைத்துவிட்டுச் சொன்னார்: “ஆளையே தேடிட்டிருக்காதீங்கம்மா. ஆளைச் சுத்தி இருந்தவங்களைத் தேடுங்க. யாரோட தங்கினாரு, யாரோட வேலை பார்த்தாரு, யாரு சாட்சிக் கையெழுத்துப் போட்டாங்க. ஒருத்தர் தன்னைப் பத்தி என்ன வேணா எழுதிக்கலாம். கூட இருந்தவங்களுக்குத் தெரியும்.”

அவரே அப்பாவின் கல்யாணப் பதிவை எடுத்துக் கொடுத்தார். இரண்டு சாட்சிகள். ஒருவர் ஆலையில் இஸ்திரிப் பிரிவு, இன்னொருவர் ஆலையின் வேன் டிரைவர்.

இஸ்திரிக்காரர் பதிவில் இருந்த அதே சந்தில், அதே வீட்டில் இருந்தார். எண்பது தாண்டியவர். உள்ளே விட்டதும் அக்காவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“பாய்லர்காரன் பொண்ணு. சொல்லவே வேணாம், நெத்தி அப்படியே இருக்கு,” என்றார்.

அக்கா விஷயத்தைச் சொன்னார்.

“அந்தப் பேரு அவனோடது இல்லம்மா. காய்ச்சல்ல செத்த சிநேகிதனோட சர்டிபிகேட்டை வச்சுத்தான் வேலைக்குச் சேர்ந்தான். ஊர்ல ஏதோ பெரிய தகராறு, ராவோட ராவா கிளம்பி வந்துட்டான்னு மட்டும் தெரியும். எந்த ஊரு, என்ன பேரு, எனக்குத் தெரியாது. நான் கேக்கல. கேட்டிருக்கணும்.”

“யாருக்குங்க தெரியும்?”

“டிரைவருக்குத் தெரியும். ரெண்டு பேரும் ஆறு வருஷம் ஒரே ரூம்ல இருந்தானுங்க. அவன்கிட்ட மட்டும் எல்லாத்தையும் சொல்லியிருக்கான்.”

ஆலை மூடிப் பல வருடம் ஆகிவிட்டது. டிரைவர் எங்கே போனார் என்று இஸ்திரிக்காரருக்குத் தெரியவில்லை. அக்கா சாப்பாட்டு இடைவேளைகளில் போனை எடுத்தார். ஓட்டுநர் சங்கம், பழைய லாரி ஷெட்டுகள், சங்கத்தின் பழைய செயலாளர், அவருடைய மருமகன். “அவரு இங்க இல்லீங்க”, “ராங் நம்பர்மா”, “எத்தனை தடவைம்மா கேப்பீங்க?” பதினொரு வாரம் ஆயிற்று. ஒரு செவ்வாய்க்கிழமை போனை வைத்துவிட்டு என் கையைப் பிடித்தார். “இருக்காரு. உயிரோட இருக்காரு. பொண்ணு வீட்ல.”

தனியாகப் போகப் பயமாக இருக்கிறது என்றார். நானும் போனேன்.

டிரைவரின் மகள் வாசலிலேயே எங்களை நிறுத்தினாள். “போன்ல சொன்னா வராமப் போயிடுவீங்களோன்னு சொல்லல. அப்பாவுக்குப் போன வருஷம் பக்கவாதம் வந்துச்சு. பேச்சு போயிடுச்சு. ஒரே ஒரு வார்த்தைதான் வருது. தப்பா எடுத்துக்காதீங்க.”

ஜன்னலோரம் சக்கர நாற்காலியில் இருந்தார். வலது கை மடியில் துணி போலக் கிடந்தது. அக்கா முட்டி போட்டு உட்கார்ந்து, அப்பாவின் படத்தை அவர் மடியில் வைத்தார். அவர் இடது கை விரல் படத்தில் அப்பாவின் முகத்தைத் தடவியது. கண்ணில் நீர் கொட்டியது.

“சரி,” என்றார்.

“ஐயா, இவரு உண்மையான பேரு உங்களுக்குத் தெரியுமா?”

“சரி.”

“கூடப் பிறந்தவங்க யாராவது இருக்காங்களா?”

“சரி, சரி.”

“யாருமே இல்லையா?”

“சரி.”

நாங்கள் கேட்டது அவருக்கு நன்றாகப் புரிந்தது. சொல்ல வேண்டியது தொண்டை வரை வந்ததும் தெரிந்தது. வாயைத் திறக்கிறார், கழுத்து நரம்பு புடைக்கிறது, வெளியே வருவது அதே வார்த்தை. அவருக்கே அது கேட்கிறது. ஆத்திரத்தில் நாற்காலியின் கையை அறைந்தார்.

தலையை ஆட்டச் சொல்லலாமே என்றேன். ஆமாவுக்கும் இல்லைக்கும் ஒரே ஆட்டம்தான் வந்தது. மகள் பென்சிலும் நோட்டும் கொண்டுவந்தாள். இடது கையால் ஒரு கோடு போட்டார். அதன் மேலேயே இன்னொரு கோடு. தாள் கிழியும் வரை போட்டார். அக்கா எழுத்துகளை ஒவ்வொன்றாக, நிதானமாக, எக்ஸ்சேஞ்சில் எண் வாசிப்பது போல வாசித்துப் பார்த்தார். ஒவ்வொன்றுக்கும் “சரி” என்றார் டிரைவர். ‘க’ வரிசையின் கடைசியில், ‘கௌ’வோடு அக்கா நிறுத்திவிட்டார்.

காபி கொடுக்கும்போது மகள் தயங்கித் தயங்கி ஒன்று சொன்னாள். “எனக்கு அப்ப எட்டு வயசிருக்கும். ஒரு அம்மா ரெண்டு பிள்ளைங்களோட எங்க வீட்டுக்கு வந்தாங்க. உங்களைப் பார்த்ததும் அவங்கதான் ஞாபகம் வந்தாங்க, இதே நெத்தி. ‘என் அண்ணன் இங்கதான் இருக்கான்னு கேள்விப்பட்டேன்’னு அழுதாங்க. அப்படி யாரும் இல்லைன்னு அப்பா அனுப்பிட்டாரு. அவங்க போனதும் படியில உக்காந்து தலையில அடிச்சுக்கிட்டாரு.”

அக்கா டம்ளரைக் கீழே வைத்தார். “என்ன பேரு சொல்லிக் கேட்டாங்க?”

“ஞாபகமில்லக்கா.”

“எங்கிருந்து வந்ததா...”

“சின்னப் பொண்ணுக்கா நான். அந்தப் பிள்ளைங்க கையில பிஸ்கட் வச்சிருந்ததுதான் ஞாபகம் இருக்கு.” அவளும் அழுதுவிட்டாள்.

திரும்பி வந்து பஸ்ஸிலிருந்து இறங்குகிற நேரத்தில் அக்கா, “எனக்கு ஒரு அத்தை இருந்திருக்காங்க. தேடி வந்திருக்காங்க,” என்றார்.

தம்பியிடம் சொன்னபோது அவர் டயாலிசிஸ் கட்டிலில் படுத்திருந்தார். “அப்போ இத்தனை வருஷமா நான் கையெழுத்துல போட்ட இனிஷியல் எவனோடது?” என்று கேட்டார். கேட்டுவிட்டுச் சிரித்தார். அக்காவும் சிரித்தார். பக்கத்துக் கட்டில்காரர் என்ன ஜோக் என்று கேட்க, இரண்டு பேரும் பதில் சொல்லாமல் சிரித்துக்கொண்டேயிருந்தார்கள். பிறகு தம்பி போர்வையை முகத்தின் மேல் இழுத்துவிட்டுக்கொண்டார்.

ஐந்து மாதத்தில் டிரைவர் இறந்துபோனார். மகளிடமிருந்து போன் வந்தது. துக்க வீட்டில் வெளியூர் ஆட்கள் கூடுவார்கள் என்று அக்கா காலையிலேயே போய், கேட்டருகே நின்று வருகிற ஒவ்வொருவரின் நெற்றியையும் பார்த்தாராம். மூன்று பேரிடம் கேட்டும் விட்டாராம், “நீங்க அவரோட பழைய ரூம்மேட் குடும்பமா?” என்று. மூன்றாவது ஆள், “என்னம்மா, எங்க வந்து என்ன கேக்குறீங்க,” என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

அன்று தம்பிக்கு டயாலிசிஸ் நாள். உடலை எடுப்பதற்கு முன்பே அக்கா கிளம்ப வேண்டியிருந்தது. தானம் கேட்டுக் காத்திருப்போர் பட்டியலில் தம்பி இப்போது நாற்பத்தோராவது ஆள். போன மாதமும் நாற்பத்தொன்றுதான்.