ஓரக்கல்லும் என் முழங்காலும் மகனின் ஸ்போர்ட் ரிம்மும்

காலையில் எழுந்ததும் தன் பல்லைத் துலக்காமல் கார் சக்கரத்துக்குப் பல் துலக்கிவிடுகிற மனுஷனை நீங்கள் பார்த்திருக்கிறீர்களா? நான் ஞாயிறுதோறும் பார்க்கிறேன். இங்கே சிங்கப்பூரில் எங்கள் அடுக்குமாடி புளோக்குக்குக் கீழே என் மகன் அந்தோணி ஒரு பழைய டூத்பிரஷ்ஷோடு சக்கரத்துக்கு முன்னால் மண்டியிட்டிருப்பான். பூசையில்கூட அவன் அவ்வளவு நேரம் மண்டியிட்டதில்லை. பக்கத்தில் ஒரு சீனர், அதற்கடுத்து ஒரு மலாய்க்காரர், அவர்களும் அப்படித்தான். எனக்கு ஒரே சிரிப்பு! எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது, அதையும் சொல்லிவிடுகிறேன். நான் சொல்லச் சொல்ல எழுதுவது என் மருமகள் ஸ்டெல்லா. செம்பவாங்கில் பிறந்து இங்கேயே தமிழ் படித்தவள். நான் ‘வந்துட்டான்’ என்றால் அவள் ‘வந்துவிட்டான்’ என்று எழுதுகிறாள். "ஊர்ல எல்லாரும் படிப்பாங்க அத்தை, நல்லா எழுதணும்லா" என்கிறாள். எழுதட்டும்.

அந்தோணி ஜூரோங்கில் கப்பல் பட்டறையில் வேலை செய்கிறான். இரண்டாம் கையாக ஒரு கார் வாங்கினான். சிவப்புக் கார். அதைவிட அவனுக்குப் பெருமை அதன் சக்கரம். சாதாரண இரும்புச் சக்கரம் இல்லையாம், அலாய் என்று ஒரு உலோகத்தில் வார்த்ததாம். இங்கே அதை ஸ்போர்ட் ரிம் என்கிறார்கள். பூவிதழ் விரிந்த மாதிரி பளபளவென்று இருக்கும். குனிந்து பார்த்தால் என் முகமே தெரியும், மூக்குத்தியோடு.

கார் வந்ததில் அவனைவிட எனக்குத்தான் கொண்டாட்டம். ஆறு நாளும் ஒன்பதாவது மாடியில் கதவுக்குப் பின்னால் இருப்பவள் நான். எதிர்வீட்டுச் சீனத்துப் பாட்டி என்னைப் பார்த்துச் சிரிப்பார், நானும் சிரிப்பேன், பேச்சு அதோடு சரி. ஞாயிற்றுக்கிழமை மட்டும் தமிழ்ப் பூசை, பிறகு சிராங்கூன் ரோடு. மல்லிகைப்பூ, வெற்றிலை, முறுக்கு, வாய் வலிக்கிற மட்டும் பேச்சு. அந்த ஒரு நாளை நம்பித்தான் மற்ற ஆறு நாளும் ஓடுகிறது.

கார் வாங்கிய முதல் ஞாயிறு கோயில் வாசலுக்கே ஃபாதர் வந்து மந்திரித்த தண்ணீர் தெளித்து ஆசீர்வதித்தார். அவர் திரும்பி நடந்ததும் அந்தோணி சட்டைப்பையிலிருந்து நாலு எலுமிச்சம்பழத்தை எடுத்து நாலு சக்கரத்துக்கும் அடியில் வைத்தான்.

"ஏண்டா, ஃபாதர்தான் ஆசீர்வாதம் பண்ணிட்டாரே?"

"அது மோட்சத்துக்கும்மா. இது ரோட்டுக்கு."

காரைக் கிளப்பினான். மூன்று பழம் சப்பென்று நசுங்கியது. நாலாவது நழுவி, உருண்டு, நடைபாதையின் ஓரக்கல் பக்கம் ஓடியது. நசுக்காமல் விட்டால் ஆகாதென்று இவன் ஸ்டியரிங்கை ஒடித்து அதைத் துரத்தினான். பழம் நசுங்கியது. கூடவே ‘கர்ர்ர்’ என்று ஒரு சத்தம், எனக்குப் பல் கூசியது. இறங்கிப் பார்த்தால் ரிம்மின் விளிம்பில் எலி கரம்பினதுபோல ஒரு கீறல். கோயிலுக்கு வந்த சனம் மொத்தமும் நின்று பார்த்தது. அவன் முகத்தில் ஈயாடவில்லை.

ஊரில் எங்கள் வண்டிச் சக்கரத்துக்கு இரும்புப் பட்டை போட்டிருக்கும். சந்து திரும்பும்போது அது கல்லைத் தேய்க்கும். எங்கள் தெருமுனைக் கல் பாதியாகக் கரைந்தே போனது. சக்கரத்துக்கு ஒன்றும் ஆகாது. இங்கே எல்லாம் தலைகீழ். கல்தான் சக்கரத்தைத் தேய்க்கிறது.

அதற்குப் பிறகு அந்தோணிக்கு ஓரக்கல்லைக் கண்டாலே நடுக்கம். கல்லுக்கு ஒரு முழம் தள்ளித்தான் காரை நிறுத்துவான். ஆனால் என் வலது முழங்கால் மடங்காது. கார் கல்லை ஒட்டி நின்றால் இடது காலைக் கல்லில் வைத்து எழுந்துகொள்வேன். தள்ளி நின்றால் பள்ளத்தில் இறங்கி மறுபடி மேட்டில் ஏற வேண்டும். மூன்று ஞாயிறு பல்லைக் கடித்துக்கொண்டு ஏறினேன். நாலாவது ஞாயிறு முடியவில்லை, திரும்ப சீட்டிலேயே உட்கார்ந்துவிட்டேன். பின்னால் பஸ்காரன் ஹாரன் அடிக்கிறான்.

"அம்மா, அடுத்த வாரத்துலேருந்து வீட்டுலயே ஜெபமாலை சொல்லிக்குங்க. பூவும் வெத்தலையும் நான் வாங்கியாறேன்" என்றான் அந்தோணி.

"உன் ரிம்முக்குக் காயம் படக்கூடாதுன்னு என்னைய ஒன்பதாவது மாடியில பூட்டி வைப்பியா?"

"ரிம்முக்கு இல்லம்மா, உங்க காலுக்குத்தான்."

"பொய்யி! சும்மா பொய்யிலா!" என்றாள் ஸ்டெல்லா. இதை எழுதும்போது இப்போதும் சிரிக்கிறாள். "டயரும் வழுக்கையாப் போச்சு, எப்படியும் மாத்தணும். கடையில கேட்டுப் பாப்போம் வாங்க. அத்தையும் வரட்டும்."

ஜூரோங்கில் ஒரு டயர் கடை. தவுக்கே, அதாவது முதலாளி, பனியன் போட்ட சீனர். அந்தோணி கடைக்குள் நுழைந்ததும் ஒட்டி மெலிந்த டயர் ஒன்றைத் தூக்கிக்கொண்டான். "இதான் ஸ்டைல், ரிம் முழுசும் தெரியும்." எனக்குப் பகீரென்றது. ரிம் முழுக்கத் தெரிந்தால் கல் முழுக்கத் தேய்க்காதா? தவுக்கேயிடம் அதைக் கேட்கலாம் என்று தமிழில் ஆரம்பித்தேன். அவருக்குப் புரியவில்லை. டயரைக் காட்டினேன், என் முழங்காலைத் தடவிக் காட்டினேன், முகத்தைச் சுளித்தேன். ‘ஆ!’ என்று உள்ளே ஓடினார். ஒரு ஸ்டூலும் ஒரு தைல பாட்டிலும் கொண்டுவந்து, என்னை உட்காரவைத்து, முழங்காலில் தேய்க்கச் சொல்லி ஜாடை காட்டினார். தேய்த்தேன். சும்மா சொல்லக்கூடாது, நல்ல தைலம், இன்றைக்கும் அதைத்தான் தேய்க்கிறேன்.

பிறகு ஸ்டெல்லா இங்கிலீஷில் விவரம் சொன்னாள். அவர் சிரித்துவிட்டு வேறு இரண்டு டயரைக் கொண்டுவந்தார். ஒன்று அந்தோணி கையிலிருந்ததைப் போலவே மெலிந்தது. இன்னொன்றின் பக்கவாட்டில், ரிம் உட்காரும் விளிம்பைச் சுற்றி, தடித்த ரப்பர் வரம்பு ஒன்று புடைத்துக்கொண்டு நின்றது. அதையும் மெலிந்ததையும் பழைய ரிம் இரண்டில் மாட்டிக் காட்டினார். ஒரு செங்கல்லை எடுத்து மெலிந்ததன் பக்கம் தள்ளினார். டிங்! ரிம்மில் இடித்தது. வரம்பு உள்ளதன் பக்கம் தள்ளினார். சத்தமே இல்லை, ரப்பர்தான் முதலில் வாங்கிக்கொண்டது.

எனக்குக் கை தட்டத் தோன்றியது, தட்டிவிட்டேன். "அட, புடவைக்கு ஃபால்ஸ் தைக்கிற மாதிரிடி! ஓரம் தேயாம அது தேஞ்சுக்கும்!"

ஸ்டெல்லா அதை அவருக்குச் சொல்லி, தன் புடவையின் ஓரத்தையும் திருப்பிக் காட்டினாள். அவர் தலையாட்டிவிட்டு நிறையப் பேசினார். அவள் சொன்னது இது: ரிம்மின் அகலத்துக்கு ஏற்ற அளவில்தான் டயர் வாங்க வேண்டும். சின்னதாகப் போட்டால் இழுபட்டு ரிம் வெளியே தெரியும், பெரிதாகப் போட்டால் வண்டியின் உடம்பில் உரசும். காற்றும் சரியாக அடித்திருக்க வேண்டும். அப்புறம், இது வேகமாகப் போய் மோதினால் காப்பாற்றாது, மெதுவாக ஒட்டினால் மட்டும்தான்.

அந்தோணி மெலிந்த டயரை இன்னும் கீழே வைக்கவில்லை. அதைப் பார்த்தான், ஸ்டூலில் தைல வாசத்தோடு உட்கார்ந்திருந்த என்னைப் பார்த்தான்.

"குண்டா இருக்குமேம்மா, பாக்க."

"நான்கூடத்தான் குண்டா இருக்கேன். என்னைய ஏத்திக்கிட்டுப் போகலையா?"

கீழே வைத்துவிட்டான்.

அடுத்த ஞாயிறு சிராங்கூன் ரோடு. நான் சுங்குடிச் சேலை கட்டிக்கொண்டு முன்சீட்டில் இருந்தேன். அந்தோணி மூச்சைப் பிடித்துக்கொண்டு ஓரக்கல்லை நோக்கி நகர்த்தினான். இன்னும் கொஞ்சம். இன்னும் கொஞ்சம். நான் ‘கர்ர்’ருக்காகக் கண்ணை மூடிக்கொண்டேன். ‘ப்ஸ்ஸ்’ என்று ஒரு சின்னச் சத்தம், கன்னத்தில் கன்னம் வைத்தாற்போல. அவ்வளவுதான். கதவைத் திறந்தால் கல் என் காலடியிலேயே இருக்கிறது! இடது காலை வைத்தேன். கதவைப் பிடித்துக்கொண்டு எழுந்தேன். பூக்கடைக்காரி "வாங்கக்கா, எங்க போன வாரம் காணோம்?" என்று அங்கிருந்தே கூப்பிடுகிறாள்.

அப்படியே கொஞ்சம் நின்றேன். வலது கால் இன்னும் காருக்குள். இன்ஜின் ஓடிக்கொண்டிருந்ததால் அந்தக் கால் லேசாக நடுங்கியது, கல்லில் இருந்த கால் அசையவில்லை. ஊரிலிருந்து வருகிறவர்கள் எல்லாரும் என்னிடம் கேட்பது ஒன்றுதான், ‘எப்ப ஊருக்கு வந்து சேரப் போறீங்க?’ பூக்கடைக்காரியோ என்னை இந்தத் தெருக்காரி என்றே நினைத்திருக்கிறாள். மல்லிகை வாசம் வந்தது. நன்றாகத்தான் இருந்தது, அப்படி நிற்பது.

பின்னால் பஸ் வந்துவிட்டது. ஸ்டியரிங்கிலிருந்து அந்தோணி எட்டிப் பார்த்துக் கத்தினான்.

"அம்மா, ஏறுறீங்களா, எறங்குறீங்களா?"