வயதைக் குறைத்த கைநாட்டு

எனக்கு விமானம் ஓட்ட ஆசை வந்தது பெரிய கதை இல்லை. ஜொகூரில் ரெங்கம் பக்கத்தில் எங்கள் ரப்பர் தோட்டத்துக்கு மேலே ஒரு விமானம் தாழப் பறந்து போனது. கணக்கெழுதும் கிராணி வேலையைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு ஆபீஸிலிருந்து வெளியே ஓடினேன், அவ்வளவுதான். பெரிய கதை ஆனது பயிற்சிக்கான பணம். என் சம்பளத்தில் வாயைக் கட்டி வயிற்றைக் கட்டிச் சேர்த்தாலும், விமானத்தில் ஏறும்போது தலை நரைத்திருக்கும்.

ஆகவே கடிதம் எழுதினேன். ஓராண்டு முழுக்க எழுதினேன். உதவித்தொகை தருவதாகக் கேள்விப்பட்ட ஒருவரையும் விடவில்லை. பாதிப் பேர் பதிலே போடவில்லை. ஏழை மாணவர்களுக்கு உதவும் ஜொகூர் பாரு வியாபாரி ஒருவர், படிப்பதற்குத் தருவேன், விழுந்து சாவதற்குத் தரமாட்டேன் என்று எழுதினார். அந்த மனிதர்மேல் கோபப்படவும் முடியவில்லை. அவராவது மெனக்கெட்டுப் பதில் போட்டாரே.

கடைசியில், தோட்டத்தை நிர்வகிக்கும் வெள்ளைக்காரத் துரை படித்துவிட்டுப் போடும் பழைய பத்திரிகையில் ஓர் அறிவிப்பைப் பார்த்தேன். சிங்கப்பூரில் ஒரு விமானப் பயிற்சிச் சங்கம் உள்ளூர் இளைஞர் சிலருக்கு அரசாங்க மானியத்தில் கற்றுத்தரப் போகிறது. செலவு முழுக்க அவர்களுடையது. வயது இருபத்தைந்துக்குள் இருக்க வேண்டும். அதற்கு வேலை செய்யும் இடத்திலிருந்து சான்று வேண்டும்.

எனக்கு இருபத்து நான்கு. தோட்டத்துப் பதிவேட்டில் இருபத்தேழு.

எங்கள் தோட்டங்களில் பிள்ளைகளுக்கு வயதைக் கூட்டிச் சொல்வது வழக்கம். சிறுவர் என்றால் அரைச் சம்பளம். கொஞ்சம் உயரமாக இருந்தால் போதும், பெற்றவர்கள் முழு ஆளாகப் பதிந்துவிடுவார்கள். பிறப்புச் சான்று யாரிடம் இருந்தது, காட்டச் சொல்ல? கூலியாட்களை மேற்பார்க்கும் கங்காணியாக இருந்த என் அப்பாவும் பதினைந்து வயதில் என்னைத் துரை முன்னால் நிறுத்தி, பதினெட்டு என்று சத்தியம் செய்துதான் ஆபீஸில் சேர்த்தார்.

பதிவேடு என் மேசையில்தான் இருந்தது. ஓர் எண்ணைச் சுரண்டினால் தீர்ந்தது. சுரண்டவில்லை. நான் உத்தமன் என்பதால் இல்லை, பயந்தாங்கொள்ளி என்பதால்.

அப்பாவிடம் சொன்னேன். அவர் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார்.

"தொரகிட்ட இப்பப் போயி, அன்னிக்குப் பொய் சொன்னேன்னு சொல்லவா? என் வேலயும் போவும், உன் வேலயும் போவும். வீட்டக் காலி பண்ணச் சொல்லிருவாரு."

"சரி, விடுங்கப்பா."

விடுங்கப்பா என்று சொன்னேனே தவிர, மூன்று நாள் அவரிடம் பேசவில்லை. அம்மா இறந்த பிறகு வீட்டில் நாங்கள் இருவர்தான். நான் வாயைத் திறக்காவிட்டால் அங்கே பேச்சே கிடையாது. எனக்கு அப்போது அவ்வளவு கோபம்.

நான்காம் நாள் காலை, ஆட்கள் பால் எடுக்க மரம் சீவப் போன பிறகு, அப்பா ஆபீஸுக்குள் வந்தார். தலைப்பாகையை அவிழ்த்துக் கையில் வைத்திருந்தார்.

"தொர மன்னிக்கணும். இவன சேர்க்கறப்ப நான் பொய் சொல்லிட்டேன். அப்ப இவனுக்குப் பதினஞ்சுதான்."

துரைக்குத் தோட்டத் தமிழ் நன்றாக வரும், வசவுகளோடு சேர்த்தே கற்றிருந்தார். அன்று திட்டவில்லை. பேனாவைக் கீழே வைத்தார்.

"எனக்குத் தெரியும், கங்காணி. அப்ப இவனுக்கு மீசை எங்கே? கணக்கு நல்லா போட்டான், வச்சுக்கிட்டேன். குளுவாங் கோர்ட்டுக்குப் போ. அன்னிக்குப் பொய் சொன்னதா மாஜிஸ்திரேட் முன்னாலே கைநாட்டு வை. அப்புறம் நான் சான்று எழுதறேன்."

அப்பாடா என்று இருந்தது.

குளுவாங் கோர்ட்டில் குமாஸ்தா அந்தக் காகிதத்தை எல்லார் காதிலும் விழும்படி படித்தார். தன் வாக்கை யாரும் சந்தேகப்பட விடாத என் அப்பா, பொய் சொன்னேன் என்ற வரிக்குக் கீழே கட்டைவிரலை அழுத்தினார். நான் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

துரையின் சான்றோடு விண்ணப்பம் போட்ட ஆறு வாரத்தில் சங்கத்திலிருந்து பதில் வந்தது. பயிற்சி, தங்கும் இடம், சாப்பாடு எல்லாம் மானியத்தில். மூன்று முறை படித்தேன். ஓராண்டாக நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்த பாரம் இறங்கியது. ஸ்டோருக்குப் பின்னால் போய் ஒரு மூச்சு அழுதுவிட்டு வந்து, பால் வாளிக் கணக்கு எழுதினேன்.

புறப்படும் நாளில் அப்பா ரெங்கம் ஸ்டேஷன்வரை என் பெட்டியைத் தூக்கி வந்தார், கொடுக்கச் சொல்லியும் கொடுக்கவில்லை.

"நான் வாயத் தொறக்காம இருந்திருந்தா போதும்," என்றார். "நீ எங்கூடவே இருந்திருப்ப."

"அப்புறம் ஏம்பா சொன்னீங்க?"

"மூணு நாளு நீ பேசலயேடா. வீட்டுக்குள்ள இருந்துகிட்டே போயிட்ட. இப்பப் போனாலும் பேசிட்டுப் போறல்ல."

ரயில் வரும்வரை நான் அவரிடம் பேசிக்கொண்டே இருந்தேன்.