சரி என்று மட்டும் சொல்ல முடிந்தவர்

முப்பத்தொரு வருடம். கட்டட வரைபடங்களுக்கு அனுமதி தரும் அலுவலகத்தில் அவர் மேஜைக்கு வந்த மனுக்களில் பாதிக்கு மேல் ‘முடியாது’ என்ற ஒற்றைச் சொல்லோடுதான் திரும்பின. ஊரே அவரை ‘முடியாது சார்’ என்றது. ஓய்வு பெற்ற பிறகு பக்கவாதம் வந்து, வலது கையோடு வார்த்தைகளையும் வாரிக்கொண்டு போனது. ஒன்றே ஒன்றை விட்டுவைத்தது: ‘சரி’. விதிக்கும் நக்கல் உண்டு போலிருக்கிறது.

அக்கா மகனுக்கு இதைவிடத் தோதான நோய் கிடைக்குமா? குடும்பத்தோடு வந்து இறங்கினான், கவனித்துக்கொள்ளத்தான்.

“மாமா, பின்னாடி ஸ்டோர் ரூமுக்குப் போயிடுறீங்களா? முன்ரூம்ல பிள்ளைங்க படிக்கட்டும்.”

“சரி.”

“எழுந்து விழுந்துடப் போறீங்க. வெளியே தாழ்ப்பாள் போட்டுடட்டுமா?”

“சரி.”

இரண்டு முறையும் அவர் தலையை இடமும் வலமுமாகப் பலமாக ஆட்டினார். அது நரம்புக் கோளாறு என்று அக்கா மகனே கண்டுபிடித்துவிட்டான். அவன் டாக்டருக்குப் படிக்காதது நாட்டுக்கு நஷ்டம்.

அடுத்து, வீட்டை அவன் பெயருக்கு மாற்றும் பத்திரம் தயாரானது. கையெழுத்து விழுந்ததும் மாமாவுக்கு ஊருக்கு வெளியே ஒரு முதியோர் இல்லம். நல்ல காற்றாம். கை கால் பயிற்சி கொடுக்க வந்த பெண் அந்தத் தாழ்ப்பாளைப் பார்த்துப் புகார் கொடுக்க, முதியோர் பாதுகாப்பு அலுவலகத்திலிருந்து ஒரு பெண் அதிகாரி வந்தார்.

“எல்லாம் அவர் சம்மதம்தான் மேடம். நீங்களே கேளுங்க,” என்றான் அக்கா மகன், பூரிப்போடு.

அதிகாரி கட்டிலருகே உட்கார்ந்தார். “ஐயா, வீட்டை இவருக்குக் கொடுக்குறீங்களா?”

“சரி.” தலை வேகமாக ஆடியது.

“பாத்தீங்களா மேடம்!”

“பாத்தேன். ஐயா, வீட்டை எனக்கே கொடுத்துடுறீங்களா?”

“சரி.”

அக்கா மகன் அவசரமாகக் குறுக்கிட்டான். “மேடம், அது... அவர் புரியாம சொல்றாரு.”

“அட! இவ்வளவு நேரம் புரிஞ்சுதானே சொன்னாரு?”

கட்டிலில் இருந்தவருக்கு எல்லாமே புரிந்துகொண்டுதான் இருந்தது. அதிகாரி இரண்டு தாள்களில் ‘வேண்டும்’, ‘வேண்டாம்’ என்று பெரிதாக எழுதி அவர் முன் வைத்து, வீட்டைப் பற்றி மறுபடி கேட்டார். இடது கை விரல் ‘வேண்டாம்’ மேல் போய் உட்கார்ந்தது. தாள்களை இடம் மாற்றி மாற்றி மூன்று முறை கேட்டார். மூன்று முறையும் விரல் ‘வேண்டாம்’ இருந்த இடத்தைத் தேடிப் போனது. நரம்புக் கோளாறுக்கு எழுத்துக்கூட்டிப் படிக்கவும் தெரிந்திருந்தது, பாவம்.

தாழ்ப்பாள் அன்றைக்கே கழற்றப்பட்டது. பத்திரப்பதிவு நிறுத்தப்பட்டது. அக்கா மகனை வீட்டை விட்டு வெளியேற்றக் கோரும் அவருடைய மனு வருகிற திங்கட்கிழமை விசாரணைக்கு வருகிறது.